நாத்தனாருக்குச் சேர வேண்டிய பதில்

காமிராவுக்கு முன்னால் உட்காரச் சொன்னதும் என் நாத்தனார் முதலில் செய்த காரியம், முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டதுதான். மருந்து ஏற்றி ஏற்றி அவள் முடி பாதிக்கு மேல் உதிர்ந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியின் மூலையில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, சில நாற்காலிகள், மூன்று காலில் நின்ற காமிரா, அதற்குப் பின்னால் ஒரு ஆள். எதிரில் டாக்டரம்மா உட்கார்ந்து கையிலிருந்த காகிதங்களை வாசிப்பார், வாசித்ததை நமக்குப் புரிகிற பேச்சில் திருப்பிச் சொல்வார். நுரையீரலில் இருக்கிற புற்றுக் கட்டி முதல் சுற்று மருந்தில் சுருங்கி நிற்கிறது. அது மறுபடி வளராமல் பிடித்து வைக்க வழக்கமாக ஒரு மருந்து கொடுப்பார்கள். அதோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடுதல் காலம் பிடித்து வைக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் சொல்லும். பிடிக்கவில்லை என்றால் நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வைத்தியம் நிற்காது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "கேக்கணும்னு ஏதாவது இருக்காம்மா?" என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் அவரைப் பார்க்காமல் காமிராவைப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு. ஒரு மருந்து நல்லதா ரெண்டு மருந்து நல்லதான்னு பாக்கத்தான என்னச் சேக்கறீங்க? பாத்து முடிச்ச பிற்பாடு எதுன்னு எனக்கும் சொல்லணும்."

டாக்டரம்மா சிரித்தார். "கண்டிப்பா சொல்றோம்மா."

"நீங்க சிரிக்கிறீங்க. நான் கேட்டது அந்தப் பொட்டியில பதிஞ்சிதான்னு அவரக் கேளுங்க."

காமிராக்காரர் பதிந்துவிட்டது என்று தலையாட்டினார். அதற்கப்புறம்தான் அவள் கட்டைவிரலை மையில் வைத்தாள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், போர்டு எழுத்தைக் கூட்டி வாசிக்கவும் வரும். ஆனால் சொந்தக்காரர்கள் சாட்சி போடக் கூடாதாம். வெளியாள் ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போனார். எனக்கு அதில் வருத்தமில்லை. எல்லாம் முறைப்படி நடக்கிறதே என்று மனசு நிறைந்துதான் உட்கார்ந்திருந்தேன். முறை என்றால் கடைசி வரை முறையாக இருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. வெளியூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் சரியில்லாமல், இடுப்பில் பிள்ளையோடு திரும்பி வந்தவள். வந்த அன்றைக்கே என்னிடம், "அண்ணி, நான் ஒக்காந்து சாப்புடற ஆளு கெடையாது" என்றாள். சொன்ன மாதிரியே மறு வாரம் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலைக்குப் போய்விட்டாள். உமி போட்டு எரிக்கிற அடுப்பு, அண்டா அண்டாவாக ஆவி. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது அவள் புடவையில், முடியில், மூச்சில் எல்லாம் புகை வாசனைதான் அடிக்கும். எனக்கும் அவளுக்கும் பிடிக்காத காலம் ஒன்று இருந்தது. குழம்பில் புளி கூடினால் சண்டை, குழாயடியில் குடம் நகர்ந்தால் சண்டை. ஒரு தடவை மாசக் கணக்கில் பேசாமலேயே ஒரே அடுப்பில் சமைத்தோம். என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் சண்டை போட வேறு ஆள் இல்லாததால், நாங்கள் இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி என்று ஆகிவிட்டோம்.

இருமல் வந்தது, இளைத்தாள், ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. டவுனில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே படம் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, நுரையீரல் புற்றுநோய், முற்றிய நிலை என்றார்கள். அன்றிலிருந்து ஆரம்பித்தது ஜனங்களின் விசாரணை. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு முதலில் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பார்கள். "ஏன் பெரியம்மா, அவங்க பீடி கீடி பிடிப்பாங்களா?" ஒருத்தி கேட்டாள், இரண்டு பேர் கேட்டார்கள், கேட்காதவர்களே இல்லை. பொறுக்க முடியாமல் ஒருத்தியிடம், "ஆமா, நீ வாங்கிக் குடுத்தது தீந்துபோச்சி, இன்னொரு கட்டு வாங்கியா" என்றேன். வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சோறு போடுகிற நெல்லை அவித்துக் கொடுத்தவள். அந்தப் புகையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. வாயில் வைக்காத பீடியைப் பற்றித்தான் கேட்டார்கள். நோய் வந்தவள் ஏதோ தப்புப் பண்ணியிருக்க வேண்டும், இல்லையென்றால் நமக்கும் வந்துவிடுமே என்ற பயம் அவர்களுக்கு.

இதைவிட என் வயிறு எரிந்தது அவள் மகன் செய்த காரியத்தில். சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான், நல்ல பிள்ளைதான், அம்மா மேல் உயிர். அவன் வந்ததும் முதல் வேலையாக டாக்டர்களிடம் போய், "அம்மாகிட்ட சொல்லாதீங்க, சளி கட்டியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஏற்பாடு பண்ணிவிட்டான். எங்கள் பக்கத்தில் இது புதுசல்ல. நோய் யாருக்கோ அவருக்கு மட்டும் தெரியக் கூடாது, மற்ற எல்லாருக்கும் தெரியலாம். ரேஷன் கடை வரிசைக்குத் தெரியும், டவுன் பஸ் கண்டக்டருக்குத் தெரியும், மில்லில் மூட்டை தைக்கிறவனுக்குத் தெரியும். உடம்புக்குச் சொந்தக்காரிக்குத் தெரியாது. இதற்குப் பெயர் பாசமாம். என்னிடமும் சத்தியம் கேட்டான். "அவ கேக்காத வரிக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். கேட்டா சொல்லுவேன். அதுக்கு மேல என்னக் கட்டாயம் பண்ணாத" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னிடம் கேட்கவேயில்லை.

முதல் சுற்று மருந்து முடிந்து மறுபடி படம் எடுத்தபோது கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. நடைபாதையில் பெஞ்சில் நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு, மகனையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா இந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார். கதவை யாரும் சாத்தவில்லை. மகன் உடனே, "அதெல்லாம் வேணாம் டாக்டர். அம்மாகிட்ட சொல்லவும் வேணாம்" என்றான்.

"அவங்களுக்கு என்ன நோய்னு அவங்களுக்கே தெரியாம இதுல சேக்கவும் முடியாது, வேணாம்னு முடிவு பண்ணவும் முடியாது. சம்மதம் அவங்களோடது" என்றார் டாக்டரம்மா.

"ஆம்பள நான் ஒருத்தன் இருக்கேன்ல? நான் கையெழுத்துப் போடறேன், இல்ல நான் மாட்டேன்னு எழுதித் தரேன்."

"உடம்பு உங்களோடது இல்லையே சார்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த டாக்டரம்மாவை மனசில் உயரத்தில் வைத்தேன். பிற்பாடு அவரோடு சண்டைக்கு நின்றதற்கும் அதுதான் காரணம். உயரத்தில் வைக்காதவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை.

அதற்குள் பெஞ்சிலிருந்து நாத்தனாரே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். "இன்னாடா ரகசியம்? சளின்னா ஒரு வார்டு முச்சூடும் மொட்டத் தலையா ஒக்காந்துகினு இருக்குமா? ரோட்டு மேல போர்டு எழுதி வச்சிக்கிறான், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான நீ நெனச்சிகினு இருந்த? படிக்கத் தெரியலன்னா இன்னா, பஸ்ல எறங்கும்போதே கண்டக்டரு கூவறான்டா, கேன்சர் ஆஸ்பத்திரில்லாம் எறங்குன்னு."

மகன் அழுதுவிட்டான். அவள் அவன் முதுகில் தட்டிக்கொண்டே டாக்டரம்மாவிடம், "இன்னா சொல்லிகினு இருந்தீங்க, மொதல்லேர்ந்து எனக்குச் சொல்லுங்க" என்றாள். அன்று முழுசாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "அண்ணி, மொத சுத்து மருந்துல நான் எழுந்து ஒக்காந்தேன். அந்த மருந்து வேல செய்யும்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? எவளோ ஒருத்தி ஏதோ ஊர்ல மொதல்ல கைய நீட்டிக்கிறா. அவ நீட்டலன்னா எனக்கு ஏது? நான் சேர்றேன்." மகன் அன்றிலிருந்து என்னிடம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தை கெடுத்துவிட்டாளாம்.

காமிரா முன்னால் கைநாட்டு வைத்த பிறகு, கம்ப்யூட்டர் அவளுக்கு ஒரு மருந்து என்று சொல்லிவிட்டது. இரண்டு கிடைக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை, டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். "ரேஷன் கடையில கூட ஆளுக்குச் சமமாத்தான் போடறான். இவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணு?" அவர் பொறுமையாகச் சொன்னார், இரண்டு என்றால் நல்லது என்று யாருக்கும் தெரியாதம்மா, கெடுதலாகவும் இருக்கலாம், தெரியாததால்தான் பார்க்கிறோம் என்று. "தெரியாமலா இம்மா பெரிய ஆஸ்பத்திரி கட்டி வச்சிக்கிறீங்க?" என்றேன். நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா என்ன எதுக்கு அண்ணி கூப்புடப் போறாங்க? நீ செத்த சும்மா இரு."

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பாகூரிலிருந்து பஸ். போகிறதுக்கு முந்தின நாள் ஒரு மாத்திரை, தினமும் ஒரு சத்து மாத்திரை, நடுநடுவே ஓர் ஊசி. எதையும் மறக்க மாட்டாள். நான் மறந்துவிட்டேனா என்று பார்ப்பதற்காகக் காலையில் எழுந்ததும், "அண்ணி, இன்னிக்கு இன்னா நாளு?" என்று என்னைச் சோதிப்பாள். மருந்து ஏறுகிற அறையில் எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வரும். அதற்கு இரண்டு மருந்து விழுந்திருந்தது. எனக்கு முதலில் பொறாமைதான். பிறகு பார்த்தால் அந்த அம்மாவுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம், பிரஷர் ஏறி ஏறி இறங்கும், ஒரு தடவை மருந்தே ஏற்றாமல் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்து, "ஒங்களுக்கு ஒண்ணுதானே, குடுத்து வச்சவங்க" என்றது. நாங்கள் அதைப் பார்த்துக் குடுத்து வச்சவள் என்று நினைத்தோம். எது சரி என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியும், சொல்ல மாட்டேன். "பெரியவளே, ஒன் நாத்தனார எலிக்கு ஊசி போட்டுப் பாக்கற மாரி பாக்கறாங்களாமே?" என்று தெருமுனையில் வைத்தே ஒருத்தி கேட்டாள். நான் தனியாக நின்றிருந்தால் அன்று அங்கே வேறு மாதிரி நடந்திருக்கும். அவள் நேரம், நாத்தனார் கூட நின்றாள். "எலிகிட்ட யாருனா ஒன் சம்மதம் இன்னான்னு கேட்டுட்டு ஊசி போடுவாங்களாடி? என்ன ஒக்கார வச்சி, தண்ணி குடுத்து, கேட்டாங்க. ஒன்ன கல்யாணம் பண்ணி வக்கும்போதாவது யாருனா கேட்டாங்களா?" அதற்கப்புறம் அந்தத் தெருவில் எலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவள் நன்றாகத்தான் இருந்தாள். மில்லுக்குப் போக விடவில்லையே தவிர, வீட்டில் அவள் கை படாத வேலை இல்லை. வில்லியனூர் தேருக்குப் போக வேண்டும் என்றாள், போனோம். கூட்டத்தில் என் கையை அவள் பிடித்துக்கொண்டாளா, அவள் கையை நான் பிடித்துக்கொண்டேனா தெரியாது. குழம்பில் புளி கூடிவிட்டது என்று மறுபடி சண்டை போடத் தொடங்கினாள். அந்தச் சண்டை வந்த அன்றைக்கு நான் உள்ளே போய்ச் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு நடவும் ஓர் அறுப்பும் தாண்டி, அடுத்த நடவும் பார்த்தாள். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு படத்தில் வளர்ந்திருந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் அவளிடமே சொன்னார். இந்த மருந்து இனி பிடிக்காது, வேறு மருந்துக்கு மாற்றுவோம், சோதனையிலிருந்து உங்கள் பங்கு முடிந்தது என்றார்.

"எனக்குத்தான முடிஞ்சிது? மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கு நடந்துட்டுதான் இருக்கும்மா. எல்லாருக்கும் முடிஞ்சாதான் கணக்குப் போட்டுப் பாக்க முடியும்."

"பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க."

வேறு மருந்து அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே இருக்கிறேன் என்றாள். மூச்சு வாங்கும்போது தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைப்பேன். ஒரு மத்தியானம், ஜன்னலோரம் சாய்ந்திருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்து, "அண்ணி, அந்த ஒண்ணா ரெண்டா சங்கதி இன்னா ஆச்சின்னு நீ கேட்டுடு. வுட்டுடாத. அதுக்குத்தான் நான் அவ்ளோ தூரம் போய்ப் போய் வந்தேன்" என்றாள். பேசிய கடைசி வார்த்தை அதுவல்ல. கடைசி வார்த்தை தண்ணீர் சூடாக இருக்கிறது என்று என்னைத் திட்டியது. ஆனால் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான்.

கருமாதி அன்று பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மகன் எழுந்து சொன்னான். "எங்கம்மாவுக்குப் பாதி மருந்துதான் குடுத்தாங்க. மத்தவங்களுக்கு ரெண்டு, எங்கம்மாவுக்கு ஒண்ணு. படிக்கத் தெரியாதவங்கன்னு அதக் குடுத்தே கொன்னுட்டாங்க. அத்ததான் இட்டுகினு போயி வுட்டுது." பந்தலில் எல்லாக் கண்ணும் என் மேல் விழுந்தது. பிள்ளை துக்கத்தில் பேசுகிறான் என்று நான் எழுந்து போய்விட்டேன். ஆனால் துக்கம் ஆறின பிறகும் அந்தப் பேச்சு ஆறவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்தவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. பாதி மருந்து கொடுத்துக் கொன்றவள் நான்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. எனக்குப் பதில் வேண்டியிருந்தது. நாத்தனாருக்காக மட்டுமல்ல, எனக்காகவும்.

அவளோடு ஏறின அதே பஸ்ஸில் தனியாக ஏறிப் போனேன். முன்னால் சீட்டுப் போடுகிற இடத்தில் இருந்தவர், "பேஷண்ட் யாரு?" என்றார்.

"எங்க நாத்தனாரு."

"வந்திருக்காங்களா?"

"செத்துட்டா."

"அப்பறம் எதுக்கும்மா சீட்டு?"

"கேக்கணும்."

"இன்னா கேக்கணும்?"

"அவளுக்கு ஒரு சேதி சொல்றேன்னு சொன்னாங்க. இன்னும் சொல்லல."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். சீட்டில்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். இன்னொரு தடவை போனேன், டாக்டரம்மா லீவு. இன்னொரு தடவை, மீட்டிங்கில் இருக்கிறார். இன்னொரு தடவை ஒருவர், "சர்டிபிகேட் எதாவது வேணுமா? இறப்புச் சர்டிபிகேட்டுன்னா அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். உயிரோடு இருக்கும்வரை ஒரு வாரம் தள்ளிப் போனால் போன் மேல் போன் போட்டு, ஏம்மா வரல, உடம்பு எப்படி இருக்கு, மாத்திரை சாப்பிட்டாங்களா என்று துளைத்தெடுத்தவர்கள். செத்த மறுநாளிலிருந்து அந்தப் போன் அடிக்கவில்லை. அவளிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது. இனி அவளிடம் கேட்க ஒன்றுமில்லை. கேட்க ஒன்றும் இல்லாதவர்களிடம் சொல்லவும் ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த இடத்தின் நடைமுறை போலிருக்கிறது.

"காமிராவுல பதிஞ்சிக்கிது, போட்டுப் பாருங்க" என்று கடைசியில் சத்தம் போட்டேன். நோயாளிகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சத்தம் போடக் கூடாதுதான். செக்யூரிட்டி வந்து, "ஆயா, வெளிய வாங்க" என்றார். "நான் ஒனக்கு ஆயா இல்ல. இந்த பெஞ்சுல என் நாத்தனாரோட ஒக்காந்த அளவுக்கு நீ இங்க வேலையே பாத்திருக்க மாட்ட" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்குத்தான் உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். அடையாளம் தெரிந்து, என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

"அது முடிஞ்சிடுச்சும்மா. போன வருஷமே" என்றார்.

"இன்னா ஆச்சி?"

"ரெண்டு மருந்தும் குடுத்தவங்களுக்குக் கட்டி வளராம கொஞ்ச நாள் கூடுதலா நின்னுது. ஆனா அவங்க கூடுதலா உயிரோட இருக்கல. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான். தொந்தரவு மட்டும் அவங்களுக்கு ரொம்ப அதிகம். ஒரு மருந்தே போதும்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப இங்க வர்றவங்களுக்கு அந்த ஒண்ணு மட்டும்தான் குடுக்கறோம்."

"அப்ப எங்க நாத்தனாருக்குக் கொறச்சிக் குடுக்கல."

"இல்லம்மா. அவங்களுக்குக் கெடச்சதுதான் சரியான மருந்து. ஆனா அவங்கெல்லாம் வரலன்னா அது எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

மண்ணாடிப்பட்டு அம்மாவின் மூக்கில் பஞ்சு வைத்திருந்ததுதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த அம்மா பட்ட பாட்டில்தான் இனி வருகிற எத்தனையோ பேர் அந்தப் பாடு படாமல் தப்பிக்கிறார்கள். அதை அந்த வீட்டில் யாருக்காவது சொன்னார்களா?

"இத யார் யாருக்குச் சொன்னீங்க?" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே சட்டம் போட்டு ஒரு படம். பெரிய மேடை, பின்னால் வெளிச்சத் திரை, டாக்டரம்மா மைக் முன்னால் நிற்கிறார். வெளிநாட்டில் நடந்த கூட்டமாம். உலகத்திலிருந்து டாக்டர்களெல்லாம் வந்திருந்தார்களாம். அங்கே சொன்னாராம். புத்தகத்திலும் வந்ததாம்.

எனக்கு வந்த கோபத்தை வார்த்தையில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. ஏரோப்ளேன் ஏறிப் போய், முன்பின் தெரியாத ஆட்களை உட்கார வைத்துச் சொல்ல முடிந்திருக்கிறது. பாகூருக்குப் பஸ் இருக்கிறது. பஸ்ஸில் கூட வர வேண்டாம், போன் இருக்கிறது. அந்த வெளிச்சத் திரையில் கோடு கோடாக ஏதோ போட்டிருந்தது. அதில் ஒரு புள்ளியாக என் நாத்தனார் இருந்திருப்பாள். அவள் நரம்பு தேடித் தேடிக் குத்தின கை, பஸ்ஸில் வாந்தி எடுத்தது, மாத்திரை நாளை எண்ணினது எல்லாம் அந்தப் புள்ளிக்குள் இருந்தது. புள்ளியை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு ஆளின் வீட்டு வாசல் மறந்துபோனது. கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். மகன் தடுத்தபோது, உடம்பு அவளுடையது என்று சொன்னவர் இவர். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. உடம்பு அவளுடையது என்றால், அந்த உடம்பு கண்டுபிடித்துக் கொடுத்த பதில் யாருடையது?

"சொல்றேன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"குடும்பத்துக்குச் சொல்ற வழக்கம் இல்லம்மா. அவங்களும் போயிட்டாங்க, மறுபடி கூப்பிட்டா வேதனைதான்னு…"

"அவ மகனும் இதேதான் சொன்னான். அம்மாவுக்கு வேதன, சொல்லாதீங்கன்னு. அன்னிக்கு அவன வைய ஒங்களுக்கு வாய் இருந்துச்சி."

அவர் மேசை மேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். மன்னிப்புக் கேட்டார். அது எனக்கு வேண்டாம் என்றேன். "அவள மாரி இன்னும் எம்மா பேரு இதுல இருந்தாங்க?"

"நிறைய பேரும்மா."

"அத்தினி வூட்லயும் பாதி மருந்து குடுத்தாங்க, ரெட்ட மருந்து குடுத்துக் கொன்னாங்கன்னு யாருனா ஒருத்தரு யாரையாவது சொல்லிகினு இருப்பாங்க. அங்கயும் ஒருத்தி பேச்சு வாங்கிகினு இருப்பா. கூப்புடுங்க. நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன்."

டாக்டரம்மா எழுந்து போய், சோதனைக்கு வந்தவர்களை அப்போது போன் போட்டுத் துளைத்தெடுத்த அதே சிஸ்டரைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பழைய நம்பர்களைத் திறந்தாள். முதலில் யாருக்கு என்று கேட்டாள். எங்கள் வீட்டு நம்பருக்குக் கீழே மகனுடைய நம்பரும் இருந்தது. "அவனுக்கே போடு. நான் சொன்னா நம்ப மாட்டான்" என்றேன்.

போன் எடுத்தான். டாக்டரம்மாவே வாங்கி எனக்குச் சொன்னதை அப்படியே அவனுக்கும் சொன்னார், அவன் அம்மாவுக்குக் கொடுத்தது குறைந்த மருந்து இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு ஏதோ கேட்டான். "ஆமா, இங்கதான் இருக்காங்க" என்று சொல்லி டாக்டரம்மா போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பேச வேண்டியதைப் படி ஏறி வந்து பேசட்டும்.

எத்தனை வீட்டுக்குச் சொன்னார்கள், எல்லாருக்கும் சொன்னார்களா, எனக்குத் தெரியாது. நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்ளும்போது சிஸ்டர் அடுத்த நம்பரைப் போட்டுவிட்டாள். மறுமுனையில் ஒரு பொம்பளைக் குரல், ஆஸ்பத்திரி என்றதுமே பதறிப்போய் ஏதோ சத்தமாகக் கேட்டது என் காது வரைக்கும் விழுந்தது. சிஸ்டர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா, இல்லம்மா, பயப்படாதீங்க. ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல. சொல்றதுக்குத்தான் கூப்புட்டேன்."